மூடியைத் திறந்து பார்த்தவர்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய பாக்கியம். நர்மதாவுக்கு ஜன்னலோரமே கிடைத்தது. கிடைத்து என்ன பிரயோஜனம்? வெளியே மக்காச்சோளக் கொல்லை போகிறதா, பருத்திக் கொல்லை போகிறதா என்று எதையும் அவள் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இது சரிப்பட்டு வராதுங்க." ஐம்பது வயதைத் தாண்டிய பொம்பளை, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிற டீச்சர், மூன்று வார்த்தையை ஒப்பிக்க இத்தனை பாடுபடுகிறாள் என்றால் அந்த மூன்று வார்த்தையில் அவளுக்கே நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை முத்தமிழ்செல்வன் அவளைப் பார்க்கப் பெரம்பலூர் வந்திருந்தான். கல்லூரியில் அவளோடு ஒரே மேசையில் மூன்று வருடம் செய்முறை வகுப்பு செய்தவன். இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லேப் மேனேஜர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழச்சாறுக் கடையில் உட்கார்ந்து, சாத்துக்குடி ஜூஸில் சர்க்கரை வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் சர்க்கரை போட்டே வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னான். மஸ்கட்டில் ஒரு சிமெண்ட் கம்பெனி கூப்பிடுகிறதாம். இந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். போனால் சில வருஷம் ஆகுமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நிறுத்தவில்லை.

"எனக்குப் போவணும்னு இல்ல. அரியலூர்ல வூடு சும்மாதான் கெடக்கு. வந்துடறீங்களா?"

நர்மதா, கேட்டால் சிரிப்பீர்கள், "வாடகைக்கா?" என்று கேட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. காது மடல் இரண்டும் சிவந்து போய் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வயதிலும் முகம் சூடேறும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "காலேஜ்ல எல்லாரும் கூடறமே, அன்னிக்கு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, குடை எடுத்தோமா செருப்புப் போட்டோமா என்றுகூடப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தாள். அந்த 'அன்னிக்கு' இன்றைக்கு வந்துவிட்டது.

இல்லை என்று சொன்னால் அவன் மஸ்கட் போய்விடுவான். ஆமாம் என்று சொன்னால், பெரம்பலூர்த் துறைமங்கலத்தில் அவள் புருஷன் கலைவாணன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைப் பூட்டிக்கொண்டு, அரியலூருக்கு மூட்டை கட்ட வேண்டும். கலைவாணன் போய்ச் சேர்ந்து எட்டொன்பது வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷன். பஸ் இரண்டு நிமிஷம் பிந்தினால் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். அவன் மட்டும் யாரிடமும் சொல்லாமல் முந்திக்கொண்டான். ஒரே மகள் சிந்து கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவளிடம் நர்மதா இன்னும் மூச்சு விடவில்லை. எந்த வாயால் சொல்வது?

பஸ் ஆட ஆட, வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு அந்தப் பழைய லேபுக்கே போய் நின்றது.

அரியலூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. தொண்ணூறுகளின் ஆரம்பம். செய்முறை வகுப்புக்கு இரண்டு இரண்டு பேராக ஒரு மேசை. யாரோடு யார் என்பதை நாம் சொல்ல முடியாது. வருகைப் பதிவேட்டில் இங்கிலீஷ் எழுத்து வரிசை என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். முத்தமிழ்செல்வனுக்கு அடுத்த பெயர், Nadarasan என்று எழுதுகிற நடராசன். அதற்கு அடுத்தது நர்மதா. நடராசன் என்கிற அந்தப் புண்ணியவான் முதல் வாரத்திலேயே பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துப் போய்விட்டான். வரிசை ஒரு அடி நகர்ந்தது. உடையார்பாளையத்திலிருந்து வருகிற முத்தமிழ்செல்வன் பக்கத்தில், பெரம்பலூரிலிருந்து வருகிற நர்மதா வந்து நின்றாள். நடராசன் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஒரு பையனும் பெண்ணும் ஒரே மேசையில் நிற்பது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட விஷயமா? முதல் ஒரு மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. தராசுக்குப் போவதும், பர்னரைப் பற்றவைப்பதும், எல்லாமே ஜாடைதான். அவன் தீக்குச்சியைக் கிழித்துவிட்டு அவள் பக்கம் பார்க்காமலேயே கை நீட்டுவான். அவள் காஸைத் திறப்பாள். பேச ஆரம்பித்த பிறகும் வாங்க போங்க மாறவே இல்லை. மற்ற பெண்கள் "ஏன்டி, நீங்க என்ன புருஷன் பொண்டாட்டியா, இவ்ளோ மரியாதையா பேசிக்கறீங்க?" என்று கேலி செய்வார்கள்.

முதல் பாடமே வேதிச் சேர்க்கை விதிகள். பொருளை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்பது லவாய்சியர் சொன்ன முதல் விதி. அதையும் மாறா விகித விதியையும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது சாந்தா மேடத்தின் பிடிவாதம். மெக்னீசியம் நாடாவை நிறுத்து, குரூசிபிள் என்கிற பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மூடி போட்டுச் சூடாக்க வேண்டும். எரிந்து வெள்ளைச் சாம்பலாகும். எரிந்தபின் எடை குறையாது, கூடும். காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்கிறதே. மூன்று பங்கு மெக்னீசியம் என்றால் இரண்டு பங்கு ஆக்சிஜன், ஒரு பொட்டுக் கூடவும் சேராது, குறைவாகவும் சேராது. நடுநடுவே மூடியை இடுக்கியால் லேசாக, ரொம்ப லேசாக, காற்று உள்ளே போகிற அளவுக்குத் தூக்கிவிட்டு உடனே மூடிவிட வேண்டும். மூடியை முழுசாகத் திறந்தால் வெள்ளைப் புகை பறந்துவிடும், கணக்கு போச்சு.

எல்லா மேசையிலும் எடை கூடியது. இந்த மேசையில் மட்டும் குறைந்தது. ஏன் குறையாது? நர்மதா முதல் தடவை மூடியைத் தூக்கியபோது உள்ளே குபீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் வந்தது. அவள் "அய்யோ, எவ்ளோ அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்த மகராசன் இடுக்கியைக் கையில் எடுத்தவன், அவள் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றான். புகை எல்லாம் போய் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் திரும்பச் செய்யச் சொன்னார்கள். திரும்பவும் அதே கதை. அவள் "இந்தத் தடவ வேணாம்" என்பாள், அவன் "ஒரே ஒரு தடவ" என்பான், மூடி திறக்கும்.

"லவாய்சியருக்கே தெரியாத விதிய கண்டுபிடிச்சிருக்கீங்க ரெண்டு பேரும்" என்று சாந்தா மேடம் காய்ச்சி எடுத்துவிட்டார். "எரிச்சா கொறையுதாம்! எங்க போச்சு பாக்கி? ஒங்க பையில போட்டுக்கிட்டீங்களா?" லேபே சிரித்தது. கடைசியில் எல்லா மாணவர்களும் காலங்காலமாகச் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். புத்தகத்தில் இருக்கிற விடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு, எடையை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

காதல் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைக்கத் தைரியமும் இல்லை. படிப்பு முடிந்த கையோடு நர்மதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். முத்தமிழ்செல்வன் கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனான். பெரிய சோகமெல்லாம் ஒன்றும் இல்லை. நர்மதாவும் நன்றாகத்தான் வாழ்ந்தாள். பொய் சொல்லக் கூடாது, கலைவாணன் அவளைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டான். மூடிக் கதையை அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து குழம்புச் சட்டியை அவள் திறந்தால் போதும், "பாத்து பாத்து, எடை கொறஞ்சிரப் போவுது" என்பான். அவன் செத்த வருஷம், வகுப்பில் அந்த முதல் விதி வந்தபோது அதை வாயால் சொல்ல முடியாமல், பிள்ளைகளையே படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முத்தமிழ்செல்வன் கதை வேறு. அவனுக்குக் கட்டி வைத்த பெண் சென்னைக்காரி. அரியலூர் வெயிலும் சிமெண்ட் தூசியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று போனவள் போனவள்தான். கோர்ட்டில் முறையாகத் தீர்த்துக்கொண்டு பல வருஷம் ஆயிற்று. குழந்தை இல்லை. அவன் அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். நர்மதா தன் வகுப்புக்குச் சுண்ணாம்புக் கல் வேண்டும் என்று அதில் சும்மா கேட்டாள். அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஒரு சாக்குப் பையோடு நின்றான் முத்தமிழ்செல்வன். "எவ்ளோ வேணும்னு சொல்லல, அதான் கொஞ்சம் கொண்டாந்தேன்" என்றான். அந்தக் கல்லை வைத்து அவளுக்கு ரிடையர் ஆகிற வரைக்கும் பாடம் நடத்தலாம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. என்ன பேசினார்கள்? ஒன்றும் இல்லை. அவன் என்ன சமைத்தான், அவள் என்ன சமைத்தாள், அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே அவளுக்கு அந்தப் போன் ஞாபகம் வந்துவிடும்.

கல்லூரியில் இறங்கினால் ஒரே கூச்சல். தலையில் முடி இல்லாதவர்களும், முடிக்கு மை அடித்தவர்களுமாக ஒரு கும்பல் மரத்தடியில் நின்று "டேய் நீயாடா, நீயாடா" என்று கத்திக்கொண்டிருந்தது. பத்து வருஷமாகக் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிற அரியமுத்து, மைக் இல்லாமலேயே எல்லாரையும் அதட்டி வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். எல்.ஐ.சி.யில் இருக்கிற செல்வம்மாள் ஓடி வந்து நர்மதாவைக் கட்டிக்கொண்டாள். "எளச்சிட்டியேடி" என்றாள். பார்க்கிற எல்லாரிடமும் அவள் அதையே சொன்னாள், யாரும் இளைத்திருக்கவில்லை.

முத்தமிழ்செல்வன் தூரத்தில் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக ஆட்டினான்.

லேபை எல்லாருக்கும் திறந்து காட்டினார்கள். புது மேசைகள் வந்திருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டோடு ஆடிக்கொண்டிருந்த பழைய தராசுகள் போய், எண் காட்டுகிற சின்னத் தராசுகள் உட்கார்ந்திருந்தன. ஆனால் அந்த வாசனை, காஸும் அமிலமும் நனைந்த மரமும் கலந்த அந்த வாசனை மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் சத்தம் அடங்கிப் போனார்கள். அரியமுத்துகூட குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்கதான்டா எனக்கு பிப்பெட்ல உறிஞ்சி வாய் வெந்துச்சு" என்றான். செல்வம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்த வயசில் அங்கே நின்றவர்கள் யாரோ வேறு ஆட்கள் போலவும், இன்னும் உள்ளேயே எங்கேயோ நிற்பது போலவும் நர்மதாவுக்கு இருந்தது.

சாப்பாடு ரெடி என்று குரல் வந்ததும் கூட்டம் பிரியாணி பக்கம் பறந்தது. ஞாபகம் வேறு, பசி வேறு. ஜன்னலோரத்தில் அவர்கள் மேசை இருந்த இடத்தில் நர்மதா மட்டும் நின்றாள். முத்தமிழ்செல்வன் வந்து எப்போதும் நிற்கிற இடது பக்கத்தில் நின்றுகொண்டான்.

"சொல்லுங்க" என்றான்.

பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டு வந்த மூன்று வார்த்தையும் எங்கோ ஓடிப்போயிற்று. டீச்சர்தானே, வாயில் பாடம் வந்தது.

"மடங்கு விகித விதி ஞாபகம் இருக்கா?"

அவன் திகைத்துப் பார்த்தான். "என்னங்க, வைவா வெக்கறீங்களா?"

"கேளுங்க. கரியும் ஆக்சிஜனும். அதே ரெண்டு பேருதான். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சேந்தா ஒரு பொருள். ஆக்சிஜன் ரெண்டு மடங்கா சேந்தா வேற பொருள். பேரும் வேற, கொணமும் வேற. ஒண்ணு நல்லது, ஒண்ணு மூடுன ரூம்ல ஆளையே கொன்னுடும். நாம இப்ப இருக்கறது ஒரு கணக்குல இருக்கு. நல்லாத்தான இருக்கு? இதுக்கு மேல இன்னும் கொஞ்சம் சேத்தா இன்னும் நல்லா இருக்கும்னு யாரு சொன்னா? வேற எதுவாவோ ஆயிடும். அப்பறம் இந்த ஞாயித்துக்கெழம போனும் இல்லாம போயிடும்." சொல்லச் சொல்ல அவளுக்கே தன் பேச்சு பிடித்துப்போய்விட்டது. "அதனால இது சரிப்பட்டு வராதுங்க."

முத்தமிழ்செல்வன் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கேட்டான்.

"ஆளக் கொல்றது எதுங்க டீச்சர்?"

"கார்பன் மோனாக்சைடு."

"அது எப்ப வரும்?"

"காத்து பத்தாம எரியறப்ப." சொல்லி முடிப்பதற்குள் அவன் எங்கே வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க பிளாண்ட்ல அந்த வாயு ஏறுச்சுன்னா அலாரம் அடிச்சிடும். ராவு பகல்னு கெடையாது, எல்லாம் விழுந்தடிச்சி ஓடியாருவோம். எதுக்கு ஏறுது? நெலக்கரி முழுசா எரியல, பாதியில நிக்குது. முழுசா சேந்துட்டா அதுக்கு அலாரமே கெடையாதுங்க. அத சோடாவுல அடைச்சி சின்னப் புள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்கறோம். அரகொறையா சேந்ததுதாங்க ஆளக் கொல்லும்." மேசையிலிருந்து கையை எடுத்தான். "ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம போன வெச்ச பெறவு நான் என்ன பாடு படறேன்னு ஒங்களுக்குத் தெரியாது."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. முப்பது வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறவளை அவள் பாடத்திலேயே மடக்கினால் வராதா? அதைவிட, அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லையே என்கிற கோபம். "எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். பந்திப் பக்கம் போகவே இல்லை. செல்வம்மாள் கூப்பிடக் கூப்பிடத் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

பெரம்பலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடையில். ஏறி உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. என்ன பேச்சு அது? கரியாம், ஆக்சிஜனாம்! மனசில் இருந்ததை ஒரு வார்த்தை சொன்னோமா? கூடத்தில் கலைவாணன் படம் மாட்டியிருக்கிறது. காலையில் கதவைத் திறக்கும்போதும் ராத்திரி விளக்கை அணைக்கும்போதும் அவள் அதைப் பார்க்காமல் போனதில்லை. அந்தப் படத்தைக் கழற்றி எந்தப் பெட்டியில் வைத்துக்கொண்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் போவது? கழற்றாமல் பூட்டிவிட்டுப் போனால் இருட்டில் அவர் தனியாக மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டுமா? இதைச் சொல்லத் தெரியாமல்தான் விதியைச் சொன்னாள்.

பஸ்ஸுக்குள் யாரோ ஏறுகிற சத்தம். முத்தமிழ்செல்வன்தான். இரண்டு கையிலும் பன்னீர் சோடா. வெயிலில் ஓடி வந்ததில் அந்த இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எதிர்ப்பக்க இருக்கையில் உட்கார்ந்து ஒன்றை நீட்டினான்.

"சாப்புடாம வந்துட்டீங்கன்னு செல்வம்மா சொன்னுச்சு. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. மஸ்கட்டுக்கு வரேன்னே சொல்லிடறேன். ஆனா போன மட்டும் நிறுத்திடாதீங்க."

நர்மதா சோடாவை வாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து செல்லை எடுத்தாள்.

"பேசாம இருங்க கொஞ்சம்" என்றாள். சிந்துவின் நம்பரை அழுத்தினாள்.

"என்னம்மா, கெட் டுகெதர் முடிஞ்சிடுச்சா? பிரியாணியா?" என்றது சிந்துவின் குரல்.

"சிந்து, நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத. பேசுனீனா எனக்குச் சொல்ல வராது." கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜூஸ் கடை, மஸ்கட், அரியலூர் வீடு, எல்லாம். தன் குரல் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிறதே என்ற நினைப்புகூட இல்லை. பின் இருக்கையில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

லைன் போய்விட்டதோ என்று நர்மதா செல்லை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"அப்பா போட்டோவ என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டாள் சிந்து.

கோபமாகக் கேட்டிருந்தால்கூட நர்மதா தாங்கியிருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா எங்கே என்று கேட்கிற குழந்தை மாதிரிக் கேட்டாள். நர்மதா செல்லைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முத்தமிழ்செல்வனுக்கும் அந்தக் கேள்வி கேட்டுவிட்டது. இரண்டு சோடாவையும் இருக்கையில் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எழுந்து, தயங்கித் தயங்கி அவள் மடியிலிருந்து செல்லை எடுத்தான்.

"அம்மா சிந்து, நான் முத்தமிழ்செல்வன் பேசறேன்மா." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். அம்மாவ வான்னு கேட்டிருக்கக் கூடாது. அம்மா எங்கயும் வர வேணாம். அந்தப் படமும் எங்கயும் போவ வேணாம். ஒங்கப்பா இருக்கற வூட்டுக்கு நான் வரேம்மா. அவருக்குச் சம்மதம்னு ஒனக்குத் தோணுச்சுன்னா மட்டும் சொல்லு."

நர்மதா அவனையே பார்த்தாள். ஆம்பளை ஒருத்தன், அதுவும் உடையார்பாளையத்து ஆம்பளை, பொம்பளை வீட்டுக்குப் பையோடு வருகிறேன் என்று பஸ் நிறைய ஆள் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்கிறான். ஊர் என்ன பேசும், அண்ணன் தம்பி என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் சொல்கிறான்.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். முத்தமிழ்செல்வன் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை போலிருக்கிறது. செல்லைக் காதோடு வைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க நிற்கிறவன் மாதிரி அப்படியே நின்றான்.

"அம்மாகிட்ட குடுங்க" என்று சிந்து சொன்னது நர்மதாவுக்கே கேட்டது.

வாங்கிக் காதில் வைத்தாள். சிந்து அழுதுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, திட்டுகிற மாதிரியே கேட்டாள்.

"ஏம்மா, இத்தன வருசமா தெனமும் தனியா ஒக்காந்தா சாப்புட்டுக்கிட்டிருந்த?"

அப்படி யாரும் அவளைக் கேட்டதே இல்லை. நர்மதா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாடி" என்றாள்.